தொழில்துறைச் சங்கத்தில் உறுப்பினரானால் என்ன கிடைக்கும்? அமெரிக்க அவுட்டோர் சங்கத்தை வைத்து ஓர் எளிய விளக்கம்

ட்ரெக்கிங் கூட்டிப்போகும் நிறுவனம் ஏதாவது ஒன்றின் இணையப் பக்கத்தைத் திறந்து அடிவரைக்கும் போனால், வரிசையாக நாலைந்து முத்திரைகள் தெரியும். இன்ன சங்கத்தில் உறுப்பினர், இன்ன கூட்டமைப்பில் உறுப்பினர் என்று. பார்க்கிற பலரும் அதை அரசு அங்கீகாரம் என்றே எடுத்துக்கொள்கிறார்கள். "சங்கத்துல மெம்பரா இருக்காங்க, அப்புறம் என்ன பயம்?" என்று முன்பணம் கட்டிவிடுகிறார்கள். வேறு சிலர் நேர் எதிர்ப்பக்கம். சங்கம் என்றாலே முதலாளிகள் கூடி விலையை ஏற்றும் இடம்தான் என்பார்கள். காடு, மலை என்று பேசுவதால் இதைச் சூழல் காக்கும் தொண்டு அமைப்பு என்று நம்புகிறவர்களும் இருக்கிறார்கள்.

மூன்று எண்ணமும் தவறு. அதிலும் முதல் எண்ணம் ஆபத்தானது. அதனால்தான் இதைக் கொஞ்சம் நிதானமாக விளக்கலாம் என்று தோன்றியது.

உதாரணத்துக்கு ஒரு சங்கத்தை எடுத்துக்கொள்வோம்: அமெரிக்காவின் அவுட்டோர் இண்டஸ்ட்ரி அசோசியேஷன் (வெளிப்புறப் பொழுதுபோக்குத் துறைச் சங்கம்), சுருக்கமாக ஓஐஏ. கொலராடோ மாநிலத்தில் ராக்கி மலைத்தொடரின் அடிவாரத்தில் இருக்கும் போல்டர் நகரத்து அமைப்பு இது. 1989-இல் வேறொரு பெயரில் தொடங்கியது. கூடாரம், முதுகுப்பை, மலையேற்றக் காலணி, மழைக்கோட்டு செய்கிற நிறுவனங்கள், அவற்றை விற்கிற கடைகள், துணியும் ஜிப்பும் கொடுக்கிற சப்ளையர்கள், ஊர் ஊராகப் போய் ஆர்டர் பிடிக்கும் விற்பனைப் பிரதிநிதிகள் என்று பலதரப்பட்டவர்களும் இதில் உறுப்பினர்கள். இதன் வேலைகளுக்கு வெளியில் தெரியும் தடயங்கள் நிறைய இருப்பதால், விளக்குவதற்கு வசதி.

கடைத்தெருவிலிருந்து தொடங்குவோம்

நம் ஊர்க் கடைத்தெரு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். எதிரெதிரே இரண்டு ஜவுளிக்கடை. ஒருவர் தள்ளுபடி போர்டு வைத்தால் மறுநாள் காலையில் எதிர்க்கடையிலும் போர்டு தொங்கும். ஆனால் மழைக்காலத்தில் சாக்கடை நிரம்பித் தெருவுக்கு வந்துவிட்டால், இரண்டு கடைக்கும் வாடிக்கையாளர் வருவதில்லை. தனித்தனியாக நகராட்சிக்குப் போனால் மனுவை வாங்கி வைத்துக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். அதனால் வியாபாரிகள் சங்கம் வைக்கிறார்கள். மாதச் சந்தா வசூலாகிறது. சங்கத் தலைவர் நாற்பது கடைக்காரர்களின் கையெழுத்தோடு கமிஷனரைப் பார்க்கிறார். இரவுக் காவலுக்கு ஆள் போடுகிறார்கள். புது வரி வந்தால் ஆடிட்டரைக் கூப்பிட்டு எல்லாருக்கும் சேர்த்து ஒரு வகுப்பு நடத்துகிறார்கள்.

இதில் மூன்று விஷயத்தைக் கவனியுங்கள். ஒன்று, போட்டியாளர்கள்தான் சேர்ந்திருக்கிறார்கள். இரண்டு, சாக்கடை சரியானால் சந்தா கட்டாத கடைக்காரருக்கும் பலன் உண்டு. மூன்று, அந்தச் சங்கம் எந்தக் கடையின் சேலையையும் நனைத்துப் பார்த்துச் சாயம் போகுமா என்று சோதிப்பதில்லை. அது சங்கத்தின் வேலையே இல்லை.

ஓஐஏ-வும் அடிப்படையில் இதுதான். அளவுதான் பெரிது.

யாருடைய அமைப்பு, யாருக்காக?

தொழில்துறைச் சங்கம் என்பது, ஒரே துறையில் இருக்கும் நிறுவனங்கள் தங்களுக்குப் பொதுவான காரியங்களைப் பார்த்துக்கொள்ளச் சந்தா போட்டு நடத்தும் அமைப்பு. தொழிலாளர்கள் கூலிக்கும் உரிமைக்கும் சேரும் தொழிற்சங்கம் வேறு; இங்கே உறுப்பினர் ஆவது நிறுவனம். சந்தாவும் எல்லாருக்கும் ஒரே தொகை இல்லை. ஆண்டு விற்பனை எவ்வளவோ அதற்கேற்பப் படிநிலை உண்டு. ஒற்றைக் கடை வைத்திருப்பவர் கட்டுவதும், பல நாடுகளில் விற்கும் பிராண்டு கட்டுவதும் வெவ்வேறு.

அமெரிக்க வரிச் சட்டத்தில் இத்தகைய சங்கங்களுக்கு 501(சி)(6) என்று ஒரு பிரிவு இருக்கிறது. லாபத்தை யாரும் பங்கு பிரித்துக்கொள்ளக் கூடாது. சங்கத்தின் வழக்கமான வருமானத்துக்கு வரி இல்லை. ஆனால் இது தொண்டு நிறுவனம் இல்லை. தொண்டு நிறுவனங்களுக்கு 501(சி)(3) என்று தனிப் பிரிவு. அங்கே நன்கொடை கொடுத்தால் கொடுத்தவருக்கு வரிச் சலுகை கிடைக்கும். சங்கத்துக்குக் கட்டும் சந்தாவைத் தொழில் செலவாக மட்டுமே காட்டலாம். அதிலும் அரசிடம் கோரிக்கை வைத்துப் பேசும் வேலைக்குச் செலவான பங்கைக் கழித்துவிட்டுத்தான் காட்ட வேண்டும்.

ஓஐஏ-வோடு சேர்ந்தே அவுட்டோர் ஃபவுண்டேஷன் என்று 2000-இல் தொடங்கிய ஓர் அமைப்பும் உண்டு. பூங்காவையும் காட்டையும் எட்டிப்பார்க்க வாய்ப்பில்லாத நகரத்துப் பிள்ளைகளை வெளியே கூட்டிப்போகும் திட்டங்களுக்குப் பணம் தருவது இந்த அமைப்புதான். தொண்டுப் பிரிவில் வருவதும் இதுதான். இரண்டின் பெயரும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் குழப்பம் வருகிறது. இரண்டும் ஆண்டுதோறும் வரித்துறைக்குத் தரும் வரவுசெலவு அறிக்கையை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

ஆக, இதுவரை: சங்கத்தின் வாடிக்கையாளர் நிறுவனம். மலையேறுகிற நீங்களும் நானும் இல்லை. சங்கத்தின் வேலையால் நமக்கும் சில நன்மைகள் வந்து சேரலாம். எது வந்து சேரும், எது சேராது என்பதுதான் இனிமேல் பார்க்கப்போவது.

ஒரு ஜோடி காலணிக்குப் பின்னால் இருக்கும் வேலை

சங்கம் செய்யும் சேவைகளில் எதற்கு மதிப்பு அதிகம் என்று கேட்டால், நான் தயங்காமல் இதைத்தான் சொல்வேன்: உறுப்பினர் சார்பாக அரசிடம் பேசுவது. இதற்கு லாபியிங் என்று பெயர். சட்டம் இயற்றுகிறவர்களையும் அதிகாரிகளையும் சந்தித்து ஒரு தரப்பின் கோரிக்கையை எடுத்துவைக்கும் தொழில்முறை வேலை. அமெரிக்காவில் இதைச் செய்கிறவர்கள் பதிவு செய்துகொண்டு, செலவுக் கணக்கை வெளியிட வேண்டும்.

லாபியிங் என்றதும் ரகசிய அறையும் பெட்டி நிறையப் பணமும் நினைவுக்கு வருகிறது. நிஜத்தில் பெரும்பகுதி சலிப்பூட்டும் நுணுக்க வேலை. ஓர் உதாரணத்தைக் கிட்டே போய்ப் பார்ப்போம்.

அமெரிக்காவில் விற்கும் காலணிகளில் ஏறக்குறைய எல்லாமே இறக்குமதி. ஒவ்வொரு வகைக்கும் சுங்கப் பட்டியலில் ஒரு வரிசை எண், அதற்கொரு வரி விகிதம். ரப்பர் அல்லது பிளாஸ்டிக்கால் ஆன மேல்பகுதியோடு, தண்ணீர் புகாதபடி செய்த காலணி என்றால் 'பாதுகாப்புக் காலணி' என்ற பெயரில் 37.5 சதவீதம் அடிப்படை வரி விழுந்தது. ட்ரெக்கிங் ஷூ ஈரம் புகாமல் இருக்க வேண்டும் என்பது மலையேறுகிறவருக்குத் தேவை. அந்தத் தேவையே சுங்கத்தில் தண்டனையாகிவிட்டது. உள்ளூர்த் தொழிலைக் காக்கத்தான் இப்படி உயர்ந்த வரி என்பார்கள். ஆனால் அந்த வகைக் காலணியை உள்நாட்டில் செய்யத்தான் ஆளில்லை.

ஓஐஏ-வும் காலணித் துறையினரும் இதை வருடக்கணக்கில் எடுத்துச் சொன்னார்கள். கடைசியில் 2015-இல் நிறைவேறிய ஒரு வர்த்தகச் சட்டத்தில், சுங்கப் பட்டியலுக்குள் புதிதாக ஒரு வகை சேர்ந்தது. நடைப்பயணம், மலையேற்றம், ஓட்டம் போன்ற வெளிப்புற நடவடிக்கைக்காக வடிவமைத்தது. ஒரு ஜோடியின் மதிப்பு 24 டாலருக்கு மேல். பூச்சு பூசிய அல்லது படலம் ஒட்டிய துணியால் தண்ணீரைத் தடுப்பது. அடியிலிருந்து மேல் விளிம்புவரை உயரம் 15.34 சென்டிமீட்டரைத் தாண்டாதது. இத்தனையும் பொருந்தினால் வரி 20 சதவீதம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். துறைமுகத்தில் 40 டாலர் மதிப்புள்ள ஒரு ஜோடிக்கு முன்பு 15 டாலர் வரி. புது வகையில் 8 டாலர். ஜோடிக்கு 7 டாலர் மிச்சம். ஆண்டுக்கு ஒரு லட்சம் ஜோடி இறக்குகிற நிறுவனத்துக்கு 7 லட்சம் டாலர். சந்தாத் தொகை இதன் பக்கத்தில் நிற்கவே நிற்காது. (அதற்குப் பிறகு வெவ்வேறு காலத்தில் வந்த கூடுதல் வரிகள் தனிக் கதை, இங்கே சொல்வது அடிப்படை விகிதத்தை மட்டும்.)

அந்த 15.34 சென்டிமீட்டரை யாராவது உட்கார்ந்து யோசித்து, அதிகாரிகளோடு பேசி, சட்ட வாசகத்தில் ஏற்ற வேண்டியிருக்கிறது. அறுபது பேர் வேலை செய்யும் ஒரு காலணி நிறுவனத்தால் அதற்கென்று வாஷிங்டனில் ஆள் வைக்க முடியாது. சங்கம் வைக்கும். சேவை என்பதன் நிஜமான பொருள் இதுதான்.

நமக்கும் நன்மை வருகிற இடம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் நிலம் மற்றும் நீர்ப் பாதுகாப்பு நிதி என்று 1964-இல் சட்டமான ஒரு நிதி உண்டு. கடலடி எண்ணெய், எரிவாயு எடுக்கும் நிறுவனங்கள் அரசுக்குத் தரும் உரிமைத்தொகையிலிருந்து பணம் வரும். பூங்கா, ஏரிக்கரை, நடைபாதை ஆகியவற்றுக்குச் செலவாகும். ஆண்டுக்கு 90 கோடி டாலர் என்று சட்டம் சொன்னாலும், பல ஆண்டுகள் நாடாளுமன்றம் பாதியைக்கூட ஒதுக்கவில்லை. 2020 ஆகஸ்டில் கையெழுத்தான சட்டம் முழுத் தொகையும் ஆண்டுதோறும் கட்டாயம் போய்ச்சேர வழிசெய்தது. சூழல் அமைப்புகள், வேட்டைக்காரர் சங்கங்கள் எல்லாரோடும் சேர்ந்து ஓஐஏ-வும் இதற்காக நின்றது. நடக்கப் பாதை இருந்தால்தான் ஷூ விற்கும் என்பது வியாபாரக் கணக்குதான். இருக்கட்டுமே, பாதை வந்ததா இல்லையா? குடும்பத்தோடு அங்கே நடக்கிறவருக்கு அது போதும்.

ஓசிச் சவாரி என்ற சிக்கல்

இங்கே ஒரு கேள்வி வர வேண்டும். வரி குறைந்தால் எல்லா இறக்குமதியாளருக்கும்தானே குறைகிறது? உறுப்பினர் அல்லாதவருக்கும் அதே 20 சதவீதம்தான். பிறகு எதற்குச் சந்தா கட்ட வேண்டும்?

ஊர்கூடித் தேர் இழுக்கும்போது கயிற்றைத் தொடாமல் கூட நடந்து வருகிறவரைப் போல, பாடுபடாமல் பலனை மட்டும் அனுபவிப்பதைப் பொருளாதாரத்தில் ஓசிச் சவாரிச் சிக்கல் என்று சொல்லலாம். எல்லாரும் அப்படியே யோசித்தால் சங்கமே இருக்காது. அமெரிக்கப் பொருளாதார அறிஞர் மேன்சர் ஓல்சன் 1965-லேயே இதற்கு விடை சொன்னார்: பொதுப் பலனோடு, உறுப்பினருக்கு மட்டும் கிடைக்கும் தனிப் பலனும் இருந்தால்தான் அமைப்பு நிலைக்கும்.

உறுப்பினர் சேவை என்று சங்கங்கள் பட்டியல் போடுவதெல்லாம் பெரும்பாலும் இந்தத் தனிப் பலன்கள்தான். ஆய்வறிக்கை, பயிற்சி, சரக்குக் கட்டணத் தள்ளுபடி, மாநாட்டு அனுமதி. பட்டியலைப் படிக்கும்போது தள்ளுபடிகள்தான் முன்னால் தெரியும். ஆனால் சங்கம் இருப்பதற்கான காரணம் பட்டியலில் தெரியாத பொதுப் பலன். தள்ளுபடி, ஆட்களைச் சங்கத்துக்குள் பிடித்துவைக்கும் கயிறு. இந்த ஓர் உண்மை பிடிபட்டால் எந்தத் துறைச் சங்கத்தையும் புரிந்துகொள்ளலாம்.

எண்கள் தருவது, எண்களைப் படிப்பது

தனிப் பலன்களில் மதிப்பு மிக்கது தகவல். எத்தனை பேர் மலையேறுகிறார்கள், எந்த வயதினர் கூடுகிறார்கள், கூடாரம் அதிகம் விற்கிறதா முதுகுப்பையா? ஒரு சிறு நிறுவனம் இதைத் தானே கண்டுபிடிக்க முடியாது. சங்கம் கருத்துக்கணிப்பு நடத்துகிறது. சுருக்கம் எல்லாருக்கும், முழு விவரம் உறுப்பினருக்கு.

இந்த எண்கள்தான் வெளியே வந்து மிகவும் தப்பாகப் பரவுகின்றன. அதனால் இங்கே கொஞ்சம் நின்று போகலாம்.

2023-இல் அமெரிக்காவில் 6 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 57.3 சதவீதம், அதாவது 17.58 கோடிப் பேர், வெளிப்புறப் பொழுதுபோக்கில் ஈடுபட்டார்கள் என்றது ஓஐஏ-வின் அறிக்கை. படித்ததும், நாட்டில் பாதிக்கு மேல் மலையேறிகள் என்று தோன்றும். அப்படி இல்லை. ஆண்டில் ஒரே ஒரு முறை மீன் பிடித்தாலும், ஒரு முறை பூங்காப் பாதையில் ஓடினாலும் அவர் கணக்கில் வருவார். அடிக்கடி போகிறவர் எத்தனை பேர் என்பது வேறு கேள்வி. அந்தக் கேள்வியையும் அதே அறிக்கைகள் எடுத்துப் பேசுகின்றன. ஆனால் செய்தித் தலைப்புக்கு வருவது பெரிய எண் மட்டும்தான்.

அடுத்தது டாலர் கணக்கு. 2017-இல் ஓஐஏ வெளியிட்ட அறிக்கையில், அவுட்டோர் பொழுதுபோக்குக்காக நுகர்வோர் ஆண்டுக்கு 88,700 கோடி டாலர் செலவழிக்கிறார்கள் என்று இருந்தது. இதற்கிடையே, அரசே இதை அளக்க வேண்டும் என்று துறையினர் கேட்டு, 2016 டிசம்பரில் அதற்கான சட்டமும் வந்தது. அமெரிக்க அரசின் பொருளாதாரப் பகுப்பாய்வு அலுவலகம் 2018-இல் கணக்கெடுத்துச் சொன்னது: 2016-ஆம் ஆண்டு நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் இத்துறையின் பங்கு 41,200 கோடி டாலர், அதாவது 2.2 சதவீதம்.

ஒன்று 88,700 கோடி, இன்னொன்று 41,200 கோடி. சங்கம் பொய் சொன்னதா? இல்லை. அளந்த பொருள் வேறு. வியட்நாமில் தைத்த ஒரு மழைக்கோட்டு அமெரிக்கக் கடையில் 200 டாலருக்கு விற்றால், நுகர்வோர் செலவு 200 டாலர். ஆனால் அதில் துணி, தையல் எல்லாம் வெளிநாட்டுக்குப் போன பணம். அமெரிக்காவுக்குள் நடந்த வடிவமைப்பு, போக்குவரத்து, கடைக்காரரின் உழைப்பு ஆகியவை சேர்த்த மதிப்பு மட்டுமே உள்நாட்டு உற்பத்தியில் வரும். இதற்குக் கூட்டப்பட்ட மதிப்பு என்று பெயர். எதை எல்லாம் 'அவுட்டோர்' என்று சேர்ப்பது என்பதிலும் இரண்டு கணக்குக்கும் வேறுபாடு உண்டு.

அரசுக் கணக்கில் இன்னொரு ஆச்சரியமும் இருக்கிறது. அவுட்டோர் என்றதும் நமக்கு முதுகுப்பையோடு மலை ஏறுகிற இளைஞர் நினைவுக்கு வருவார். கணக்கில் முன்னால் நிற்பவை படகும் மீன்பிடிப்பும், வீடு போல வசதி வைத்த கேம்பர் வண்டிகளும். 2023-க்கான மொத்தம் 63,950 கோடி டாலர், உள்நாட்டு உற்பத்தியில் 2.3 சதவீதம். யாராவது இந்த எண்ணைக் காட்டி "மலையேற்றத்தில் இவ்வளவு பணம் புரள்கிறது" என்றால் நம்ப வேண்டாம்.

சங்கத்தின் பக்கம் நின்று பார்த்தால், அரசே அளந்து தந்த எண்தான் அதற்குக் கிடைத்த பெரிய வெற்றி. சொந்த அறிக்கையைக் காட்டும்போது, "உங்கள் சங்கம் உங்களுக்காகப் போட்ட கணக்கு" என்று ஒதுக்கிவிடலாம். அரசு எண்ணை அப்படி ஒதுக்க முடியாது.

சுருக்கமாகச் சொன்னால்: சங்கத்தின் எண்ணை வீச வேண்டாம். எதை எண்ணினார்கள், எத்தனை முறை போனவரைக் கணக்கில் சேர்த்தார்கள், செலவா கூட்டப்பட்ட மதிப்பா என்று மட்டும் பாருங்கள்.

திருப்பூர்வரை வந்த ஒரு கேள்வித்தாள்

தரம், சூழல் பற்றிய வழிகாட்டுதலும் உறுப்பினர் சேவைதான். 2010-இல் ஓஐஏ, ஐரோப்பிய அவுட்டோர் குழுமத்தோடு சேர்ந்து ஈகோ இண்டெக்ஸ் என்ற மதிப்பீட்டுக் கருவியை வெளியிட்டது. ஒரு ஜாக்கெட்டைச் செய்ய எவ்வளவு தண்ணீர், மின்சாரம், ரசாயனம் போகிறது என்று நிறுவனங்கள் ஒரே மாதிரி அளக்க ஒரு கேள்வித்தாள். ஒவ்வொரு பிராண்டும் தனித்தனிக் கேள்வித்தாளை அனுப்பினால் ஆலைக்காரர் பதில் எழுதியே ஓய்ந்துபோவார். பொதுவான ஒன்று இருந்தால் எல்லாருக்கும் வேலை மிச்சம். அதன் மேல் கட்டப்பட்டதுதான் ஹிக் இண்டெக்ஸ். 2011-இல் உருவான வேறொரு கூட்டமைப்பு அதை வளர்த்தது; அதன் இப்போதைய பெயர் கேஸ்கேல்.

திருப்பூரில் ஏற்றுமதி நிறுவனங்களில் வேலை பார்க்கிறவர்களுக்கு ஹிக் என்ற பெயர் புதிதில்லை. ஆலையின் மின்சாரம், தண்ணீர், கழிவுநீர், குப்பை, புகை, ரசாயனம் என்று ஒவ்வொன்றாகக் கேட்கும் அந்தப் படிவத்தை, வாங்குகிறவர் கேட்பதால் வருடா வருடம் நிரப்புகிறார்கள். மலையேற்றத் துறையின் கூட்ட அறையில் தொடங்கிய முயற்சி ஒன்று நம் பனியன் கம்பெனி அலுவலக மேசைவரை வந்திருக்கிறது.

ஆனால் இதன் எல்லையும் தெரிய வேண்டும். நொய்யலில் சாயக்கழிவு கலப்பதைத் தடுக்க 2011 ஜனவரியில் சாய ஆலைகளை மூடச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். எந்தக் கேள்வித்தாளும் அதைச் செய்யவில்லை, செய்யவும் முடியாது. விரும்பிச் சேர்கிற சங்கத்தின் விதி, விரும்புகிறவரைத்தான் கட்டும். சட்டம் எல்லாரையும் கட்டும்.

நார்வேயில் 2022-இல் நடந்ததும் இதே பாடம். நொரோனா என்ற அவுட்டோர் ஆடை நிறுவனம், ஹிக் தரவை வைத்துத் தன் இயற்கைப் பருத்தி ஆடைகள் சூழலுக்கு நல்லவை என்று விளம்பரம் செய்தது. அந்தத் தரவு அப்படிச் சொல்லப் போதாது, விளம்பரம் மக்களைத் தவறாக வழிநடத்துகிறது என்று அந்நாட்டு நுகர்வோர் ஆணையம் தீர்ப்பளித்தது. நிறுவனங்கள் தங்களைத் தாங்களே திருத்திக்கொள்ள உருவான கருவி, கடைக்கு வருகிறவரிடம் சான்றிதழாகக் காட்டப்பட்டபோது உடைந்தது.

புதுச் சட்டம் வரும்போது உறுப்பினரைத் தயார்படுத்துவதும் இந்தச் சேவையின் பகுதி. மழைத்துளி ஒட்டாமல் உருண்டு ஓட, மழைக்கோட்டுகளில் பல ஆண்டுகளாகப் பிஎஃப்ஏஎஸ் என்ற ரசாயனங்களைப் பயன்படுத்தி வந்தார்கள். இயற்கையில் லேசில் சிதையாதவை. 2025 ஜனவரி 1 முதல் இவை சேர்த்த துணிகளை விற்கக் கூடாது என்று கலிஃபோர்னியா சட்டம் போட்டது. கடும் மழையில் அணியும் சிறப்பு ஆடைகளுக்கு மட்டும் 2028 வரை அவகாசம். அதுவும் 'பிஎஃப்ஏஎஸ் ரசாயனம் கொண்டு செய்தது' என்ற அறிவிப்போடு. எந்த ரசாயனத்துக்கு எது மாற்று, சப்ளையரிடம் என்ன ஆவணம் கேட்பது, கடையில் இருக்கும் பழைய சரக்கை என்ன செய்வது? சின்ன நிறுவனங்கள் தூக்கமிழக்கிற கேள்விகள் இவை. இங்கே சங்கம் நடத்தும் வகுப்பும் கைகொடுக்கும் வழிகாட்டியும் நிஜமாகவே உதவுகின்றன.

மற்ற சேவைகளை ஒரு வரியில் முடித்துவிடலாம்: சரக்கு அனுப்பத் தள்ளுபடி, இணையவழி வகுப்புகள், புதிய தலைவர்களுக்குப் பயிற்சி, ஒருவரையொருவர் சந்திக்கக் கூட்டங்கள்.

கூட்டத்தில் பேசக் கூடாதது

விலையை ஏற்றத்தான் கூடுகிறார்கள் என்ற சந்தேகத்துக்கு வருவோம். சந்தேகம் நியாயமானதுதான், அதனால்தான் சட்டமே இருக்கிறது. 1890-ஆம் ஆண்டின் ஷெர்மன் சட்டப்படி, போட்டியாளர்கள் விலையை ஒத்துப்பேசி வைப்பது அமெரிக்காவில் குற்றம், சிறைத்தண்டனைவரை போகும். போட்டியாளர்கள் ஒரே மேசையில் உட்கார்வது தொழில்துறைச் சங்கத்தில்தான் என்பதால் அங்கே எச்சரிக்கை அதிகம். கூட்டம் தொடங்கும்போதே, விலை, தள்ளுபடி, யாருக்குச் சரக்குத் தருவது, யாருக்கு மறுப்பது பற்றிப் பேசக் கூடாது என்று படித்துக்காட்டுவது அமெரிக்கச் சங்கங்களில் வழக்கம்.

விற்பனைத் தகவல் திரட்டும்போதும் அப்படித்தான். பல நிறுவனங்களின் எண்களை ஒன்றாகக் கலந்து, எது யாருடையது என்று தெரியாதபடி கூட்டுத்தொகையாக மட்டும் தருவார்கள். உறுப்பினர் தன் எண்ணை அந்தக் கூட்டுத்தொகையோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம். பக்கத்துக் கம்பெனியின் கணக்கைப் பார்க்க முடியாது.

உறுப்பினர்களே பிரிந்து நின்றபோது

சங்கம் என்பது ஒரே குரல் இல்லை. இதற்கு நல்ல சாட்சி அவுட்டோர் ரீட்டெய்லர் என்ற வணிகக் கண்காட்சி. நடத்துவது எமரால்டு என்ற தனி நிறுவனம்; ஓஐஏ நீண்ட காலம் அதன் பங்காளி. 1996 முதல் யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் சிட்டியில் நடந்துவந்தது. மாநிலத்துக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 4.5 கோடி டாலர் வருமானம் என்று சொல்லப்பட்டது.

2016 டிசம்பரில் அதிபர் ஒபாமா அங்கே பேர்ஸ் இயர்ஸ் என்ற 13.5 லட்சம் ஏக்கர் நிலப்பரப்பைத் தேசிய நினைவிடமாக, அதாவது அரசு பாதுகாக்கும் நிலமாக, அறிவித்தார். பூர்வகுடி மக்களின் தொன்மையான இடங்கள் நிறைந்த செம்மண் பள்ளத்தாக்குகள். யூட்டா அரசியல் தலைவர்கள் அந்த அறிவிப்பை ரத்து செய்யச் சொன்னார்கள். அதைக் கண்டித்து, 2017 பிப்ரவரியில் பேட்டகோனியா என்ற அவுட்டோர் ஆடை நிறுவனம் கண்காட்சிக்கு வரமாட்டோம் என்றது. வேறு சிலரும் சேர்ந்துகொண்டார்கள். துறையினர் ஆளுநரோடு பேசியும் பலனில்லை. கண்காட்சி மாநிலத்தை விட்டே கிளம்பி, 2018-இலிருந்து டென்வரில் நடந்தது.

ஐந்து ஆண்டு கழித்து, 2023 ஜனவரியில் அதே கண்காட்சி சால்ட் லேக் சிட்டிக்கே திரும்பியது. பேட்டகோனியா, ஆர்இஐ, தி நார்த் ஃபேஸ் உள்ளிட்ட பெரிய நிறுவனங்கள் எதிர்த்தன. சிறிய கடைக்காரர்களில் பலருக்கோ, பயணச் செலவும் ஓட்டல் வாடகையும் குறைந்த ஊர் போதும். இரண்டு தரப்பும் சந்தா கட்டுகிறவர்கள். சங்கம் இப்படி முடிவெடுத்தது, அப்படி முடிவெடுத்தது என்று செய்தியில் படிக்கும்போது, அதற்குள் இப்படி ஓர் இழுபறி நடந்திருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தியாவில் அந்த முத்திரை

நம் நாட்டிலும் சாகசச் சுற்றுலா நடத்துகிறவர்களுக்கு ஒரு சங்கம் இருக்கிறது: அட்வென்ச்சர் டூர் ஆபரேட்டர்ஸ் அசோசியேஷன் ஆஃப் இந்தியா. 1994-இல் தொடங்கியது. மத்திய சுற்றுலா அமைச்சகத்தோடு சேர்ந்து, நிலம், நீர், வான் மூன்றிலும் நடக்கும் சாகச நடவடிக்கைகளுக்கான பாதுகாப்பு வழிகாட்டு நெறிகளை 2018-இல் கொண்டுவந்தது. வழிகாட்டிக்கு என்ன தகுதி வேண்டும், கயிறும் தலைக்கவசமும் எப்படி இருக்க வேண்டும், அவசரத்துக்கு என்ன திட்டம் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். பொதுவில் கிடைக்கும் ஆவணம். நல்ல வேலை.

ஆனால் வழிகாட்டு நெறி எழுதுவது வேறு, ஒவ்வொரு பயணத்தையும் கூடவே வந்து சோதிப்பது வேறு. உறுப்பினர் என்ற முத்திரை இரண்டாவதைச் சொல்லவில்லை. காட்டுக்குள் போக அனுமதி தருவது வனத்துறை, சங்கம் இல்லை. 2018 மார்ச் 11-ஆம் தேதி தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் ட்ரெக்கிங் போனவர்கள் சிக்கி, 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை நாம் மறக்க முடியாது. அதன் பிறகு தமிழ்நாடு அரசு மலையேற்றத்துக்கென்று தனி விதிகளைக் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 14 மாவட்டங்களில் 40 பாதைகளை முறைப்படி திறந்தது.

எனவே முத்திரையைப் பார்த்தால், அதை ஒரு தொடக்கமாக வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள். இந்தப் பாதைக்கு, இந்தத் தேதிக்கு வனத்துறை அனுமதிக் கடிதம் இருக்கிறதா, காட்டுங்கள். கூட வருகிற வழிகாட்டி டார்ஜிலிங்கிலோ உத்தரகாசியிலோ உள்ள மலையேற்றப் பயிற்சி நிறுவனங்கள் போன்ற ஏதாவது ஓர் இடத்தில் படித்தவரா, முதலுதவிப் பயிற்சி எப்போது எடுத்தார்? காப்பீடு எங்கள் பெயரில் இருக்கிறதா, உங்கள் நிறுவனத்தின் பெயரில் மட்டுமா? சங்கத்தின் நெறியில் இந்த நடவடிக்கைக்கு எத்தனை பேருக்கு ஒரு வழிகாட்டி என்று இருக்கிறது, நீங்கள் எத்தனை பேரைக் கூட்டிப்போகிறீர்கள்? போன் எடுக்காத இடத்தில் ஒருவருக்குக் கால் உடைந்தால், எந்த வழியாக, எவ்வளவு நேரத்தில், யார் தூக்கிக்கொண்டு இறங்குவார்கள்? இந்தக் கடைசிக் கேள்விக்குத் தடுமாறுகிறவர் எத்தனை சங்கத்தில் உறுப்பினராக இருந்தாலும் சரி, முன்பணத்தைக் கட்டாதீர்கள்.